வாசல்ல தெரிஞ்சவங்க

பூட்டிய கதவு தானாகத் திறந்துகொள்வதை வெல்டர் முதலில் தன் மறதி என்றுதான் நினைத்தார். வயதான காலத்தில் எந்தப் பழியையும் மறதி மேல் போடலாம், அது திருப்பிக் கேட்காது. ஆனால் அன்று சாயங்காலம் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, எதிர்ச் சுவரில் ஏறி, பிறகு சுவரும் நிழலும் ஒரே நிறமாகிப்போன நேரம். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அப்போது கதவுக்குள் இருந்த பூட்டு, யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல, டக் என்றது.

கைப்பிடி அசையவில்லை. காற்றும் இல்லை. கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்து நின்றது. வெளியே வாசல் விளக்கு எரிந்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். படி காலியாக இருந்தது. படிக்கு மேலே அவர் தன் கையால் அடித்த கிரில் கேட், அதற்கு அப்பால் தெரு, எதிர்ப்பக்கம் இஸ்திரிக்காரரின் வண்டி. அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு, அலமாரி மேல் இருந்த கறுப்பு உருண்டையைத் திரும்பிப் பார்த்தார். அதன் நெற்றியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அந்த உருண்டைக்கு அவர் வைத்த பெயர் ஒட்டுக்கேட்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு மூட்டு விட்டுப்போனபோது மகள் வாங்கி வைத்தது. விளக்கு, காற்றாடி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் அதோடு கோத்துவிட்டுப் போனார்கள். வாயால் சொன்னால் போதும், எழுந்து நடக்க வேண்டாம் என்றார்கள். கதவு நிலைக்கு மேலே ஒரு கண்ணையும் பதித்தார்கள், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்த்துச் சொல்லுமாம். வெல்டருக்கு அப்போதே பிடிக்கவில்லை. சும்மா வந்து உதவி செய்கிறவன், போகும்போது சும்மா போகமாட்டான் என்பது அவர் கட்சி.

"எவனோ ஒருத்தன் என் வீட்டுல உக்காந்து நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கான். சோறு ஒண்ணுதான் கேக்கல" என்றார் மனைவியிடம்.

"நீங்க பேசவும் மாட்டீங்க, கேக்கவும் மாட்டீங்க. அது கேக்கவாவது செய்யுதே, வெல்டரே" என்றாள் அவள்.

அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவர் எதை அடித்தாலும் மேற்பார்வை பார்த்துக் குறை சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. அந்த கிரில் கேட்டில் கொடியும் பூவும் வளைத்துப் பற்றவைத்து அவர் பெருமையாக நின்றபோது, "பூவா இது, யாரோ கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கு" என்றவள் அவள்.

மேஸ்திரி எதையும் வெளியே காட்டாதவள். உள்ளாடையைக் கொடியில் காயப்போட்டால் அதன் மேல் துண்டு ஒன்றை விரித்து மூடித்தான் போடுவாள். அழ வேண்டியிருந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அழுவாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் சொன்னதில்லை. ஆனால் கடைசி வருஷத்தில், மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, அலமாரியோடு சாய்ந்து அந்த உருண்டையிடம் கிசுகிசுப்பாள். ஒருநாள் விழித்துப் பார்த்தபோது அவளுடைய வளைந்த முதுகு மட்டும் தெரிந்தது. கிணற்றுக்குள் குனிந்து பேசுகிறவள்போல நின்றாள்.

பட்டறையில் இரும்பைத் தட்டித் தட்டி வெல்டரின் இடது காது செத்துப் பல காலம் ஆகிவிட்டது. வலது காது மட்டும்தான் உயிர். அன்று அவர் சத்தமில்லாமல் புரண்டு, வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லா மத்தியானமும் அப்படியே படுத்தார். அவளுக்காக அவர் செய்த வேலைகளில் அவள் குறை சொல்லாதது அது ஒன்றுதான். அவளுக்கு அது தெரியாது.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, படுக்கையோடு கதவைத் தாண்டும்போது அவள் கூடத்தை ஒருமுறை பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள். யாருமே போறேன் என்று சொல்வதில்லை. திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவன்கூட வரேன் என்றுதான் சொல்லுவான், நம் நாக்கு அப்படிப் பழகிக் கிடக்கிறது. அவரும் எப்போதும்போல, "சரி, வா" என்றார்.

அவள் வரவில்லை.

மகள் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். கதவு திறந்துகொண்ட கதையைப் போனில் சொன்னதும், தன் போனில் எதையோ தடவிப் பார்த்தாள்.

"அப்பா, அதுல அம்மா வெளிய போயிருக்காங்கன்னு காட்டுது."

"வெளியன்னா?"

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க. அதை அப்படியே எடுத்துக்கிச்சு. திரும்பி வருவாங்கன்னு போட்டு வச்சிருக்கு. பொழுது சாயறப்ப கதவைத் திறந்து வைக்குது. அம்மா டாக்டர்கிட்ட போயிட்டு வர்ற நேரம் அது."

வெல்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கம்பெனிக்கே போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். வெண்ணெயில் ஊசி இறக்குகிற குரல்.

"கணக்கு அம்மா பேர்ல இருக்குங்க ஐயா. அவங்க கடைசியா பதிவு பண்ணின வார்த்தை 'வரேன்'. அதனால அவங்க விலகிட்டதா நாங்க எடுத்துக்க முடியாது."

"அவ செத்துட்டாம்மா."

"ரொம்ப வருத்தம் ஐயா. இதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க வாரிசு. உங்க பேருக்குக் கணக்கை மாத்திடலாம். மூணு வருஷமா அம்மா பேசினது எல்லாம் எங்க பொறுப்புல வந்துடும், அம்மாவோட குரலும் உங்க வீட்டுலயே இருக்கும். அம்மா மாதிரியே பேசும். இன்னும் எத்தனையோ வீட்டுல தனியா இருக்கிறவங்களுக்கும் துணையா இருக்கும்."

"என் பொண்டாட்டி எதுக்கு ஊரான் வீட்டுல பேசணும்?"

"நீங்க ஒண்ணும் எழுதித் தர வேண்டாம் ஐயா. கேட்கும்போது உங்க வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

போனை வைக்கப்போகும் எவருக்கும் வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான். வெல்டருக்கும் அது பல்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பக்கத்து அமைதி அவர் காதில் விழுந்தது. அந்தப் பெண் மூச்சு விடவில்லை. பொறி வைத்தவன்தான் அப்படி மூச்சை அடக்குவான்.

அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார். முகத்தில் அறைந்த மாதிரிதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

"நல்லவேளை" என்றாள் மகள். "அந்த வார்த்தைதான்பா அவங்களுக்குக் கையெழுத்து. இந்த மாதிரி கம்பெனிகளைத் தட்டிக் கேக்கற ஆணையத்துல நான் புகார் குடுத்திருக்கேன். செத்தவங்க பேச்சை அழிக்கச் சொல்லிக் கேக்க வீட்டு மனுஷங்களுக்கு உரிமை இருக்கு. அதுவரைக்கும் நீங்க சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனே பாப்பா. கூடத்துல உக்காந்துதானே போன் பேசறேன்."

"பழைய சரி செல்லாது. அது கேட்ட கேள்விக்குப் பதிலா வந்தாத்தான் செல்லும்."

"ஒரு சுத்தியல் எடுத்து ஒரே போடு போட்டா?"

"குடத்தை உடைக்கலாம்பா. ஆத்துக்குப் போன தண்ணியை என்ன பண்ணுவீங்க? அம்மா பேசினது அவங்ககிட்ட இருக்கு. அவங்கதான் அழிக்கணும்."

"கேட்டேன்" என்றார் வெல்டர். சரி என்பதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வார்த்தை அது. உம் கொட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒட்டுக்கேட்பான் முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தது.

"வாசல்ல தெரிஞ்சவங்க. திறக்கட்டுமா?"

தட்டையான குரல், ஆணுமில்லை பெண்ணுமில்லை. வெல்டர் கதவிடுக்கில் பார்த்தார். வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கேட்டின் நிழல் படிமேல் விழுந்து கிடந்தது. யாருமில்லை. ஆனால் கேட்டுக்கு அப்பால், தெருவோரத்தில், ஒரு சத்தம் கேட்டது. ஒரு தட்டல். பிறகு எதையோ தரையில் இழுக்கிற சத்தம். தட்டல். இழுவை.

மேஸ்திரியின் ஊன்றுகோலுக்கு அடியில் இருந்த ரப்பர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டும்போது இரும்பு பேசும், இழுக்கும்போது ரப்பர் பேசும். அந்த ஊன்றுகோல் இப்போது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. போய்ப் பார்த்தார். இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

கூடத்துக்குத் திரும்பியபோது வெளியே அது மறுபடி தட்டியது.

அடுத்த சாயங்காலம் சத்தம் படிக்குக் கீழே, வாசல் தரையில் கேட்டது. அதற்கடுத்து முதல் படியில். படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அவசரமில்லாத வரவு. ஒவ்வொரு தடவையும் ஒட்டுக்கேட்பான் அதையே கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர், "முடியாது" என்றார். அப்புறம் கதவடியிலிருந்து ஒரு வாடை வரும். ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற மருந்து வாடை. அதற்கடியில் அவள் முழங்காலுக்குத் தடவும் தைலம்.

மகளிடம் அந்தக் கண் பிடித்த படத்தைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லப்பா."

"அப்ப ஏன் இழுக்கிற?"

"ஆள் வந்தா அது முகத்தைச் சுத்தி ஒரு கட்டம் போடும். இவங்க இன்னாருன்னு எழுதும். இப்ப வெறும் படியில, காத்துல, ஒரு கட்டம் போட்டிருக்கு." அவள் குரல் இறங்கியது. "அம்மா உயரத்துல. மெதுவா ஆடுது. அம்மா நிக்கிறப்ப தலை ஆடுமே, அந்த மாதிரி."

"பேரு எழுதியிருக்கா?"

"அம்மா பேருதான்பா."

"நீ இங்க வர வேண்டாம்" என்றார் வெல்டர்.

"நாளைக்கு உத்தரவு வருதுப்பா. பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிடணும்னு அவங்களுக்குக் கெடு. அதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லிட்டா உத்தரவு செல்லாம போயிடும். ஒரு நாள்தான். நாளன்னைக்குக் காலையில நான் வந்துடறேன்."

அந்த ஒரு நாளின் மத்தியானம்தான் அவரை அசைத்துப் பார்த்தது.

வெயில் விழுந்து கொட்டகைத் தகரம் படபடவென்று முறுக்கிக்கொள்கிற நேரம். ஜன்னல் சாத்தியிருந்தது. அறைக்குள் பழைய துணி வாடையும், சுவரில் காய்ந்த சுண்ணாம்பு வாடையும், தலையணையில் இன்னும் போகாமல் ஒட்டிக்கிடந்த அவளுடைய தலைமுடி எண்ணெய் வாடையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வெல்டர் வழக்கம்போல வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தார். உலகம் அடங்கியது. தன் இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும், தூரத்து இரைச்சலாகக் கேட்டது. கண் சொக்கியது.

"வெல்டரே."

கண் திறந்தது. உடம்பு அசையவில்லை.

"தூங்கறீங்களா வெல்டரே?"

வலது காது தலையணைக்குள் இருந்தது. குரல் கேட்டது இடது காதில். பல வருஷமாக இடி விழுந்தாலும் எழுந்திருக்காத காது. அதற்குள் அவள் குரல், ஒரு சாண் தூரத்திலிருந்து, மூச்சுச் சூட்டோடு கேட்டது.

"மத்தியானத்துல நான் அதுகிட்ட என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா? உங்களைப் பத்தித்தான் நெறைய சொன்னேன். எங்க வலிச்சுதுன்னு சொன்னேன். எதுக்கு அழுதேன்னு சொன்னேன். எல்லாம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணொண்ணாச் சொல்றேன். சரியா?"

 கேட்க வேண்டும்போல இருந்தது. ஒரு வருஷம் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவருக்கு, அதை முழுக்கக் கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. அவளுக்கு எங்கே வலித்தது. தன்மேல் என்ன கோபம். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். உதடு பிரிந்தது.

துண்டு போட்டு மூடிக் காயவைத்த துணி நினைவுக்கு வந்தது. சாத்திய ஜன்னல் நினைவுக்கு வந்தது.

"மேஸ்திரி எனக்குச் சொல்லணும்னு நெனச்சிருந்தா அவளே சொல்லியிருப்பா" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "சொல்லல. அது அவ இஷ்டம். அவ சொல்லாததைப் புருஷனே ஆனாலும் நான் கேக்கக் கூடாது. நீ யார்றா அதை எனக்கு விக்கிறதுக்கு? அவ சொல்லல, அதோட ச—"

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதோட சரி. எல்லோரும் ஒரு பேச்சை முடிக்கிற வார்த்தை. பாதி வெளியே போய்விட்டது. மீதியைப் பல்லால் நறுக்கிப் பிடித்தார். வாயெல்லாம் இரும்புச் சுவை.

இடது காதுக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அதோட முடிஞ்சுது" என்றார் வெல்டர். இரத்தத்தை விழுங்கிவிட்டு எழுந்தார்.

நேராகப் பின்பக்கம் போனார். கொட்டகைக்குள் சாக்கு போர்த்தி வைத்திருந்த பழைய வெல்டிங் மெஷினை இழுத்து வெளியே எடுத்தார். சக்கரம் துருவேறிக் கத்தியது. மின்கம்பத்திலிருந்து வரும் லைனில் அந்த மெஷினுக்கென்று அவரே தனியாக ஒரு இணைப்பு இழுத்து வைத்திருந்தார், ஒட்டுக்கேட்பானுக்குத் தெரியாத லைன் அது. முதலில் பின்பக்கத்து இரும்புக் கதவை நிலையோடு சேர்த்து ஒட்டினார். ஜன்னல்களில் ஏற்கெனவே விரல் தடிமன் கம்பி. பிறகு மெஷினைக் கூடத்துக்கு இழுத்து வந்து, மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே நின்றபடி கிரில் கேட்டைத் தூணோடு சேர்த்துப் பற்றவைக்க ஆரம்பித்தார். கறுப்புக் கண்ணாடி பதித்த கவசத்தை இடது கையால் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கை மறக்கவில்லை. பொறி பறந்து படியில் துள்ளியது. சுட்ட இரும்பின் வாடை தைல வாடையை அடித்துத் துரத்தியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எதிர்ப்பக்கத்து இஸ்திரிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"என்ன வெல்டரே, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே ஜெயிலுக்குப் போறீங்களா?"

"வெளிய இருக்கறது உள்ள வரக்கூடாது."

"திருடனா?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களுக்கா கேட்டை அடைப்பாங்க?"

"தெரியாதவனுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? தெரிஞ்சு வச்சிருக்கிறவன்கிட்டதான்யா பயப்படணும்."

இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு இரும்பு ஜாஸ்தி, மூளை கம்மி. நாளைக்கு எப்படி வெளிய வருவீங்க?"

"காலையில எம்பொண்ணு வருவா. அறுத்துக்கிட்டு வருவேன். அடிக்கத் தெரிஞ்சவனுக்கு அறுக்கத் தெரியாதா?"

"சரி, அப்ப நான் வரேன்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சரி. வரேன். எவ்வளவு சுலபமாக இறைத்துவிட்டுப் போகிறான் மனுஷன். வெல்டர் மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பச்சைப் புள்ளி இரண்டு தடவை சிமிட்டிவிட்டு நின்றது.

வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி தெருமுனையில் தேய்ந்தது. வெயில் கேட்டின் பூக்களில் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனது. போன் அடித்தது.

"அப்பா, உத்தரவு வந்துடுச்சு. அவங்களும் அழிக்க ஆரம்பிச்சிட்டோம்னு எழுதிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

"கேட்டேன்."

"பயமா இருக்காப்பா?"

"இருக்கு" என்றார் வெல்டர். "இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக வாயைக் குடுக்க முடியுமா?"

மகள் ஏதோ சொல்ல வந்தாள். லைன் இரைந்தது. அறுந்தது.

வாசல் விளக்கு எரிந்தது.

தட்டல். இழுவை. முதல் படி.

மூச்சு வாங்குகிற சத்தம்.

தட்டல். இழுவை. கடைசிப் படி. ஒட்டிய இடங்கள் இன்னும் சூடு ஆறாமல் கறுத்திருந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. தெரு தெரிந்தது. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் தெரிந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பூச்சிகள் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போயின. மேஸ்திரியின் தலை உயரத்தில்.

"வாசல்ல தெரிஞ்சவங்க. திறக்கட்டுமா?" இப்போது அந்தத் தட்டைக் குரல் இல்லை. அவள் குரல்.

"முடியாது."

"கால் வலிக்குது வெல்டரே. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவர் கண் கலங்கியது. வாய் கலங்கவில்லை.

"என் பொண்டாட்டி வலிக்குதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. முடியாது."

கிரில் கேட் ஒருமுறை குலுங்கியது. கொடி குலுங்கியது, பூ குலுங்கியது. ஒட்டு விடவில்லை. மறுபடி குலுங்கியது. விடவில்லை. வெல்டர் பல்லைக் காட்டினார். "காகிதமா? கசக்கிப் போட்ட காகிதமா? இழு, பாக்கலாம்."

எல்லாம் நின்றது. பூச்சிகள் பழையபடி வட்டமாகச் சுற்றத் தொடங்கின. தைல வாடை இல்லை. தெரு வெறும் தெருவாகிவிட்டது.

ஒட்டுக்கேட்பான் பேசியது. பழைய தட்டைக் குரல்.

"வாசல்ல யாரும் இல்ல."

அவர் மூச்சை விட்டார். கேட்டில் முதுகைச் சாய்த்தார்.

"உள்ள வந்துட்டாங்க."

விளக்குகள் அணைந்தன.

இருட்டு. கிரில் கேட் அவர் முதுகில் சுட்டது. பின்கதவு ஒட்டிக்கிடந்தது. ஜன்னலெல்லாம் கம்பி. ஒவ்வொரு கம்பியும் அவர் கைவேலை. திருடன் பூரக்கூடாது என்று அடித்தது. வீட்டுக்காரனும் பூர முடியாது.

படுக்கையறைக் கதவு முனகியது. அதற்குப் பின்னால் சாத்தியிருந்த கோல் தரையில் ஊன்றுகிற சத்தம்.

தட்டல்.

இழுவை.

இடது காதில்.

மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் லைன். வெல்டர் தடவித் தேடி ஹோல்டரை எடுத்தார். அதன் வாயில் பற்றவைக்கும் ராடு ஒன்று மாட்டியிருந்தது. கீழே துழாவினார். ராடு பெட்டி காலி. கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி, கண் பார்க்காமல் ராடைக் கம்பியில் உரசினார். நீல வெளிச்சம் சீறிக்கொண்டு எழுந்தது. கூடம் முழுக்கப் பகலைவிட வெளுப்பாகியது. எதிர்ச் சுவரில் அவர் நிழல், கூரைவரைக்கும், கறுப்பாக நின்றது.

அந்த நிழலுக்குள் அவள் நின்றாள்.

தேய்ந்த ரப்பர். கால். ஆஸ்பத்திரிச் சேலை. மெதுவாக ஆடும் தலை. முகத்தைச் சுற்றிக் காற்றில் ஒரு வெள்ளைக் கட்டம், தலை ஆட ஆட அதுவும் ஆடியது. முகம் சரியாகத்தான் இருந்தது, கொஞ்சம்கூடத் தப்பில்லை. வாய் மட்டும் இன்னும் யாருடையது என்று முடிவாகாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வரேன்னு சொன்னேனே" என்றது அது. "நீங்க பதில் சொன்னீங்களே."

"முடியாது."

வாய் அகலத் திறந்தது. அதற்குள்ளிருந்து வந்தது அவள் குரல் இல்லை. அன்றைக்கு, படுக்கை கதவைத் தாண்டியபோது, கூடத்தில் நின்ற ஒரு கிழவனின் குரல்.

"சரி, வா."

வரேன் என்பதும் ஒரு கேள்விதான். கேட்ட கேள்விக்கு அவரே சொன்ன பதில்.

அலமாரிமேல் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது.

"முடியாது" என்றார் வெல்டர்.

"சரி, வா" என்றது அவர் குரல். தட்டல். இழுவை.

"முடியாது."

"சரி, வா."

பின்வாங்க இடமில்லை. அவர் பின்வாங்கவும் இல்லை. கண்ணை அதன்மேலிருந்து எடுக்காமல், "முடியாது, முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் நீட்டிய கையில் ராடு சீறியது. உருகி உருகி, விரல் நீளமாகி, விரலைவிடக் குட்டையாகி, வெளிச்சம் அவர் கையை நோக்கி வந்துகொண்டிருந்தது.